ரிடாக்‌ஷன்: கறுப்புப் பட்டைக்குத் தமிழ் என்ன?

ஆவணத்தின் நகலைக் கொடுக்கும்போது, வெளியே தெரியக் கூடாத பெயரையோ வரியையோ மட்டும் மையால் மூடித் தருவதற்கு ஆங்கிலத்தில் ரிடாக்‌ஷன் என்று பெயர். இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நெருக்கடி எனக்குப் போன மாதம் வந்தது. மேல்முறையீட்டு மனு எழுத உட்கார்ந்தேன்; இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

விஷயம் எங்கள் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கென்று தாத்தா 1954இல் உரிமம் வாங்கியது. இப்போது பெரியப்பா பெயரில் இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனுக்குப் போய்விடும். முடிந்ததும் ரசீதைக் காட்டி மீட்டுக்கொண்டு வருவோம். குழலின் அடியில் ‘நாட் ஃபார் பால்’ என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. வாய் சற்றுக் குறுகிய குழல், ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்று அர்த்தம். இங்கிலாந்தின் துப்பாக்கிச் சோதனைச் சாலைகள் இந்த வாசகத்தை 1875 முதல் 1887 வரைதான் பொறித்தன. ஆக, இரும்பைப் புரட்டிப் பார்த்தே வயது தெரிந்துவிட்டது. தாத்தா கைக்கு வருமுன் யாரிடம் இருந்தது என்பதுதான் தெரியவில்லை. அதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

காகிதம் லேசில் கிடைக்கவில்லை. பழைய தஞ்சாவூர் மாவட்டம் 1991இல் ஒருமுறை, 1997இல் ஒருமுறை பிரிந்ததில் கோப்பு எந்த ஊர் அலமாரிக்குப் போனதென்று அறியவே மாதங்கள் ஆயின. 10 ரூபாய் கட்டித் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, கடைசியில் ஓர் அலுவலகத்திலிருந்து 6 பக்கம் வந்தது. விற்றவர் பெயர் கறுப்பு. அவர் ஊர் கறுப்பு. தாத்தாவின் பெயர் 2ஆம் பக்கத்தில் கறுப்பு, 3ஆம் பக்கத்தில் பளிச்சென்று இருக்கிறது! ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மை பூசிய தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்; ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மார்க்கர் வழுக்கி ஊர்ப் பெயரின் வால் தப்பியிருந்தது: ‘குடி’. டெல்டாவில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மன்னார்குடி, லால்குடி, ஆலங்குடி என்று தொடங்கினால் விடிய விடியச் சொல்லலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். மூலம் லத்தீன். ‘ரெடிகெரே’ என்றால் திருப்பி ஓட்டி வருதல். அதற்குள் இருக்கும் ‘அகெரே’ முதலில் ஆடுமாடு ஓட்டுவதைக் குறித்த வினை. அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் கீதாரிகள், பொழுது சாய ஆடுகளை மடக்கி வந்து பட்டியில் அடைப்பார்களே, ஏறத்தாழ அந்த மடக்குதல்தான். அதிலிருந்து சிதறியதைச் சேர்த்து ஒழுங்கு செய்தல். அப்புறம் எழுத்தைச் செப்பம் செய்தல். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் இன்றும் ‘ரெடாக்தர்’ என்றால் பத்திரிகையில் எழுதிச் செப்பம் செய்பவர். மூடி மறைத்தல் என்ற பொருள் ஏறியது 20ஆம் நூற்றாண்டில்தான். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த உ.வே.சா., ஏடு ஏடாகத் தேடிச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தாரே, அது பழைய பொருளில் ரிடாக்‌ஷன். காணாத எழுத்தைத் தேடி அலைந்தவருக்கும், இருக்கிற எழுத்தில் மை பூசுகிறவருக்கும் ஒரே வினைச்சொல்!

தமிழில் முதலில் வாயில் வருவது ‘தணிக்கை’. உருது வழியாக வந்த சொல், கணக்குச் சரிபார்ப்புக்கும் அதுவே. அரசு அலுவலக மனுவில் தணிக்கை என்று எழுதினால் ஆடிட் என்றுதான் படிப்பார்கள். ‘இருட்டடிப்பு’ கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அதில் சண்டை தொனிக்கிறது, மனுவுக்கு ஆகாது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் அண்ணன் ஒருவர் ‘அழித்துவிட்டார்கள்னு போடுங்க சார்’ என்றார். அழித்தால் மூலமும் போய்விடும். இங்கே மூலம் பத்திரமாக இருக்கிறது. பத்திர எழுத்தர்கள் கடைசியில் கணக்குச் சொல்வார்களே ‘அடித்தல் திருத்தல்’, அதுவும் பொருந்தாது. அடித்த எழுத்தைப் படிக்க முடியும், பக்கத்திலேயே அடித்தவர் கையெழுத்தும் இருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது பெரியபுராணம். சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் அடிமை ஓலை காட்ட, சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அப்புறம் திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவர், நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். மூலம், படி என்ற இந்தப் பாகுபாடுதான் ரிடாக்‌ஷனின் உயிர்நிலை. கை வைப்பது படியில் மட்டும். வைத்த இடமும் தெரியும்படி விடுவது. அதனால் நான் ‘மறைப்பு’ என்று வைத்துக்கொண்டேன். வினையாக வரும்போது ‘மையிட்டு மறைத்தல்’. அப்படி வரும் நகல் ‘மறைப்புப் படி’. கணினியில் கறுப்புப் பட்டை போட்டாலும் மை என்றே சொல்லலாம். கால் இல்லாவிட்டாலும் ‘வண்டி ஓடுகிறது’ என்கிறோமே.

தகவல் பெறும் உரிமைச் சட்டமும் இதற்கு ஒத்துவருகிறது. பிரிவு 10, விலக்குள்ள பகுதியைப் பிரித்துவிட்டு மிச்சத்தைத் தரச் சொல்கிறது. ஏன் பிரித்தோம், முடிவெடுத்தவர் யார், என்ன பதவி என்றும் எழுதித் தரச் சொல்கிறது. எனக்கு வந்த 6 பக்கத்தோடு அப்படி ஒரு வரியும் இல்லை. பிரிவு 8(3), நாட்டுப் பாதுகாப்பு போன்ற 3 விலக்குகள் தவிர, 20 ஆண்டு கடந்த விஷயத்தைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. 1954ஆம் வருஷத்துப் பயிர்க் காவல் துப்பாக்கியால் நாட்டுக்கு என்ன ஆபத்தோ!

மனுவில் இப்படி எழுதினேன்: ‘4 பக்கங்களில் 11 இடங்கள் மையிட்டு மறைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மறைப்புக்கும் உரிய சட்டப் பிரிவையும், மறைக்க முடிவெடுத்த அலுவலரின் பெயர், பதவியையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.’ பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. பெரியப்பா தபாலுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், குடி என்று முடியும் ஊர்களை எழுதிக்கொண்டே வருகிறார். நேற்று ராத்திரிவரை 38.