காலையில் நடந்தவர் மதியம் நடிக்கிறாரா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது இடுப்பு எலும்பு முறிவு. மூன்று பேருக்குமே பார்க்கின்சன், கை நடுங்கி, உடம்பு இறுகி, நடை குறைந்துபோகும் நோய். மூன்று பேரும் விழுந்தது சொந்த வீட்டில், பாத்ரூமுக்குப் போகும் வழியில். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கடைசியாக வந்தவர் கோபிப் பக்கம் மஞ்சள் விவசாயி. எப்போது விழுந்தார் என்று மகனிடம் கேட்டேன். "பதினொரு மணி இருக்குமுங்க. காலையில ஏழு மணிக்குக் கட்டுத்தரை வரைக்கும் தானாத்தான் நடந்து போயிட்டு வந்தாருங்க. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுக் கையைப் புடிக்கச் சொல்லியிருக்காரு. 'காலையில நடந்தீங்கல்ல, இப்ப என்ன வந்துது?'ன்னுட்டாங்க." அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நான்கு வருடமாக மாத்திரை வாங்குகிறார்கள். இந்த நோய் ஒரே நாளில் ஏறி இறங்கும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிசியோவாக நான் அதிகம் கேட்கும் புகாரே இதுதான்: "நடிக்கிறாருங்க." டாக்டர் முன்னால் ஜம்மென்று நடக்கிறார், வீட்டில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்துகொள்கிறார். மருமகள் கூப்பிட்டால் எழ மாட்டார், பேத்தி கூப்பிட்டால் எழுகிறார். சோம்பேறித்தனம், பிடிவாதம், வயசான கொழுப்பு என்று ஆளுக்கொரு பெயர்.

நடிப்பு இல்லைங்க. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோப்பா மாத்திரை வேலை செய்யும்வரை உடம்பு சொன்னபடி கேட்கும். அதன் வேகம் குறைந்ததும் கேட்காது. நோய் வந்து சில வருடம் ஆனவர்களுக்கு ஒரு வேளை மாத்திரை மூன்று நான்கு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். ஏழு மணிக்கு நடந்தவரும் பதினொரு மணிக்கு நகர முடியாதவரும் ஒரே ஆள்தான், நடுவில் மாத்திரை தீர்ந்துவிட்டது. மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் மோட்டாரையா திட்டுவீர்கள்?

இதில் நம் சமையலறைக்கும் பங்கு உண்டு. மாத்திரையைப் பாலில் விழுங்குவது, பச்சைப்பயறு கடைந்து சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்வது. புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு போனால் மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் தண்ணீரில் கொடுங்கள். வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். இன்னொன்று, பூனைக்காலி விதைப் பொடி. அதிலும் லெவோடோப்பா இருக்கிறது. மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் அளவு யாருக்குத் தெரியும்? "நரம்புத் தளர்ச்சிக்கு" என்று சத்து ஊசி போட்டுக்கொண்டே வருடங்களைத் தொலைத்தவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நடிக்கிறார் என்பதற்கு அடுத்தபடி என்னைக் கோபப்படுத்துவது நாற்காலி. "விழுந்துருவீங்க, பேசாம உக்காருங்க." பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தசை இறுகும், இறுகினால் இன்னும் சுலபமாக விழுவார். கல்யாணம், நோம்பி எதற்கும் கூட்டிப்போவதில்லை, கை நடுங்கிச் சாம்பார் சட்டையில் கொட்டிவிடுமாம். கொட்டட்டுமே!

நாங்கள் சிலர் பார்க்கின்சன் உள்ளவர்களோடு மாதம் ஒரு ஞாயிறு, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுகிறோம். ஒரு தடவை பவானி ஜமக்காளம் விரித்திருந்தது. வாசற்படியிலேயே கால் ஒட்டிக்கொண்டு நின்ற பெரியவர், ஜமக்காளத்தின் பட்டைகளைப் பார்த்ததும் சிவப்பு, பச்சை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டார். தரையில் கோடு இருந்தால் உறைந்த கால் நகரும் என்று காலேஜில் படித்ததுதான், ஆனாலும் எனக்குப் புல்லரித்தது. (உடனே வீட்டில் ஜமக்காளம் விரிக்காதீர்கள், விளிம்பு தடுக்கும். பாத்ரூம் வழியில் கலர் டேப்பை ஓரெட்டு இடைவெளியில் குறுக்காக ஒட்டினால் போதும்.) கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிற்கச் சொல்லி, உடம்பை இடமும் வலமும் மெல்ல ஆட்டச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அங்கே வள்ளி கும்மி தெரிந்த ஒரு அம்மா கைதட்டிப் பாட, தாளத்துக்கு எட்டு வைப்போம். தேய்த்துத் தேய்த்து நடப்பவர்களுக்கும் எட்டு நீளும். குரல் இறங்கிப் போனவர்களை, கடைசி வரப்பில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கத்தச் சொல்வோம். மண்டபத்து வாட்ச்மேன் முதல் நாள் சண்டை என்று நினைத்து ஓடி வந்தார்.

இந்த மாதிரிக் குழு பக்கத்தில் இல்லையா? மும்பையில் 2001இல் தொடங்கிய பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸார்டர் சொசைட்டி பல ஊர்களில் இலவசமாக ஆதரவுக் குழுக்கள் நடத்துகிறது, விசாரியுங்கள். எழுந்து வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் தம்பதிகளுக்கு இதைவிட உதவி வேறில்லை.

2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் இருக்கிறது. அடையாள அட்டை வாங்கலாம். தகுதி உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். "ஊர்ல நாலு பேரு என்ன நினைப்பாங்க" என்று போகாமல் இருப்பவர்களே அதிகம். போகிறவர்களும், வழக்கம்போல மாத்திரை போட்டுவிட்டு மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில், அட்டைக்காகச் சோதிக்கும் டாக்டர் முன்னால் நடந்து காட்டிவிட்டு வருகிறார்கள். அவர் முடங்கும் நேரம் டாக்டருக்கு எப்படித் தெரியும்? மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு முடங்கினார் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்த நோட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதும் வேண்டும். வார்டில் மாத்திரை கொடுக்கும் நேரம் வேறு, இவருடைய நேரம் வேறு. சண்டை போட்டாவது அவர் நேரத்துக்குக் கொடுக்க வையுங்கள். வாந்திக்கு ஊசி என்றால் பார்க்கின்சன் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். மெட்டோகுளோபிரமைடு என்கிற வாந்தி மருந்தைப் போட்டால் ஆள் இன்னும் இறுகிப்போவார்.

அப்புறம், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டம்மாவை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு வராதீர்கள். அவர்களுக்கென்று கூடத்தின் இன்னொரு மூலையில் நாற்காலி போட்டிருக்கிறோம். டீ வரும்வரை யாரும் பேச மாட்டார்கள். யாராவது ஒருவர், "ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேனுங்க" என்று ஆரம்பித்தால் போதும், மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கும்வரை யாரும் எழ மாட்டார்கள்.