கார்-டி பற்றி முன்கூட்டியே கேளுங்கள்

ஆய்வகத்துக்குப் பை வந்ததும் முதல் வேலை, அதில் ஒட்டியிருக்கும் எண்ணை இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பது. ஒருவருடைய செல் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது. அந்தப் பையில் இருப்பது ஒரு ரத்தப் புற்றுநோயாளியின் வெள்ளணுக்கள். அவற்றிலிருந்து, நோயோடு போராடும் டி செல்களைப் பிரித்து, வீரியம் நீக்கிய வைரஸ் மூலம் ஒரு புது மரபணுவை ஏற்றுவோம். செல்லின் மேல் கொக்கி போல ஒரு புரதம் முளைக்கும். இந்த நோயில் புற்றாக மாறியிருப்பது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணு. அதன் மேலிருக்கும் சிடி19 என்ற புரதத்தைக் கொக்கி பிடித்துக்கொண்டால், அந்தப் புற்றுச் செல் அழியும். இப்படி மாற்றிய செல்களைப் பெருக்கி, அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றுவதுதான் கார்-டி. 12 வருடங்களாக இதே வேலையில்தான் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நல்ல செல்கள் திராட்சைக் கொத்து போலத் திரண்டு நிற்கும். பார்க்கவே தெம்பாக இருக்கும். ஒருமுறை வந்த பையில் அப்படி ஒரு கொத்துகூட இல்லை. பல சுற்றுக் கீமோ முடிந்தபின் எடுத்த செல்கள் அவை. தனித்தனியாகக் கிடந்தன. ஐந்தாம் நாள் எண்ணினால், போட்டதைவிடக் குறைவு. அதை மருத்துவரிடம் போனில் சொன்ன அந்த ஐந்து நிமிடம் இன்றும் மனதில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். நோய் திரும்பினால், அடுத்த கீமோவுக்கு முன்பே, "கார்-டி எங்களுக்குப் பொருந்துமா, செல்லை எப்போது எடுக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு எடுத்தால் அதையும் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் ஆகும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பல லட்சம்தான், சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய பாரம். பி செல் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), பி செல் வகை ரத்தப் புற்றுநோய் இரண்டும், அதிலும் மற்ற சிகிச்சைக்கு அடங்காதவைதான், இதன் எல்லை. மார்பகம், நுரையீரல் போன்ற கட்டிகளில் கார்-டி இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. "எல்லாப் புற்றுநோய்க்கும் செய்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அப்புறம், செல் ஏற்றிய பிறகு வரும் காய்ச்சல். 2012-இல் ஃபிலடெல்ஃபியாவில் சிகிச்சை பெற்ற எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு அது உயிர் போகும் அளவுக்குப் போனது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் அவளைக் காப்பாற்றியது. அந்த மருந்து இன்று கார்-டி வார்டில் கையிருப்பில் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் வார்டுக்கு போன் செய்யுங்கள்.