ஆயாவிடம் கேட்டீர்களா? முதியோர் மனநலமும் செயற்கை நுண்ணறிவும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் தனியாக வாழும் 78 வயது ஆயா (பாட்டி) ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன், அம்மா தனிமையில் வாடக் கூடாது என்ற அக்கறையில், பேச்சுத் துணைக்கென ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியை வாங்கிக் குத்துவிளக்குக்குப் பக்கத்து மேசையில் வைக்கச் செய்திருந்தார். அது காலைதோறும் நலம் விசாரிக்கும். பதிலையும் குரலையும் வைத்து மனநிலையைக் கணித்து மகனின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். நான் போனபோது அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அழுகை வந்தா மூடிருவேன்மா. அவனுக்குத் தெரிஞ்சா பயந்துக்குவான்" என்றார்.

அந்த மாதம் முழுவதும் மகனுக்குப் போன செய்தி, அம்மா அமைதியாக இருக்கிறார் என்பதுதான். முதுமை மனச்சோர்வை அறிய நாங்கள் பயன்படுத்தும் 15 கேள்விகள் கொண்ட அளவுகோலில் அன்று அவர் பெற்ற மதிப்பெண் 11. ஐந்தைத் தாண்டினாலே தீர விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

முதுமையில் வரும் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படுவதில்லை. பேச்சு குறையும், சாப்பாடு குறையும், கோயிலுக்குப் போவது நின்றுவிடும். "நெஞ்சு பாரமா இருக்கு", "கை கால் ஓயுது" என்று உடம்பைச் சொல்லித்தான் பலர் மனத்தைச் சொல்வார்கள். பேச்சை மட்டும் கேட்கும் கருவிக்கு மௌனம் அமைதியாகப் படுகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் நேரலாம். கணவரின் படத்துக்கு முன்னால் நின்று "சாப்பிட்டீங்களா" என்று கேட்பது துக்கத்தின் இயல்பான பேச்சு. அதை மனப்பிறழ்வின் அறிகுறி என்று ஒரு கருவி குறித்துவிட்டால், தேவையற்ற மாத்திரை வரை அது போய் நிற்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஒரே நாளில் வரும் மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்றாலோ இரத்தத்தில் உப்புச்சத்து குறைவதாலோ திடீரெனப் பிதற்றும் முதியவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறுதலாகப் பேசிக்கொண்டிருக்கும் இயந்திரத்தால் அந்த நேரம் வீணாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்து 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த முதியவர்கள். தங்களைப் பற்றி யாரோ குறித்துக்கொண்டு போனதன் விளைவைக் கண்ணால் கண்டவர்கள். வீட்டுக்குள் பேசுவதை ஒரு பெட்டி பதிவுசெய்கிறது என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமாக இருக்க முடியாது.

போப்பியா என்று நாம் அழைக்கும் 2013ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. ஒருவரின் ஒப்புதல் தன்விருப்பமாகவும், இன்னதற்கென்று குறிப்பிட்டதாகவும், விவரம் அறிந்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவரைப் பற்றி இயந்திரம் தானாகத் தயாரித்த கணிப்பை மட்டும் வைத்துச் சட்ட விளைவுள்ள முடிவு எடுப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது. ஆயாவின் வீட்டில் ஒப்புதல் பொத்தானை அழுத்தியவர் மகன். ஆயாவுக்கோ அறிவு தெளிவாக இருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மறதி நோய் உள்ளவரிடத்திலும் ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடக் கூடாது. தெளிவாக இருக்கும் வேளை பார்த்து மறுபடியும் கேட்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1966இல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம், எலைசா என்ற எளிய உரையாடல் கணினி நிரலை வெளியிட்டார். அது உருவானதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். இயந்திரம் என்று தெரிந்தும் மனம் திறந்துவிடும் என்றால், தனிமையில் இருக்கும் முதியவர் எவ்வளவு திறப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

மாத்திரை நேரத்தை நினைவூட்டவும், கீழே விழுந்தால் தகவல் தரவும் இக்கருவிகள் உதவுகின்றன. அதை நான் மறுக்கவில்லை. வாங்கித் தரும் பிள்ளைகள் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எதைப் பதிவுசெய்கிறது, யார் கேட்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், "இனி வாழ்ந்து என்ன" என்று அம்மா சொல்லும் இரவில் இந்த நாட்டில் எந்த மனிதருக்குத் தகவல் போகும்? தென்னாப்பிரிக்காவில் 0800 567 567 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு உதவி கிடைக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அன்று ஆயாவை அருகில் வைத்துக்கொண்டே மகனிடம் பேசினேன். கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் அவருக்கு விளக்கினோம். மாத்திரை நினைவூட்டல் இருக்கட்டும், மனநிலைச் செய்தி வேண்டாம், பெட்டி சமையலறைக்குப் போகட்டும் என்று அவரே தீர்மானித்தார். தைராய்டுக்கும் வைட்டமின் பி12க்கும் இரத்தப் பரிசோதனை எழுதித் தர அவருடைய மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன். ஞாயிறுதோறும் தானே அழைப்பதாக மகன் சொன்னார். முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் பேசியதாகவும், அதில் பாதி நேரம் இருவருமே அழுததாகவும் அடுத்த வாரம் ஆயா என்னிடம் சொன்னார்.