இன்ட்* ஏ, பி: இதில் பி பாயின்டர் இல்லை

போன வாரம் ஒரே ஒரு வரி எங்கள் இரண்டு நாளைத் தின்றது. பல வருடம் 32 பிட் சிப்பில் ஒழுங்காக ஓடிய சி கோட். 64 பிட் போர்டுக்கு மாற்றியதும் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு ப்ரோகிராம் நின்றுவிட்டது. தோண்டிப் போனால் இது:

இன்ட்* ஏ, பி;

எழுதியவர் இரண்டுமே பாயின்டர், அதாவது மெமரி முகவரியை வைக்கும் வேரியபிள், என்று நம்பியிருக்கிறார். ஏ மட்டும்தான் பாயின்டர், பி வெறும் இன்ட் (முழு எண்). அதில், மெமரி ஒதுக்கித் தரும் மேலாக் கொடுத்த முகவரியை வைத்து, மெமரியை நகலெடுக்கும் மெம்காப்பிக்கும் விடுவிக்கும் ஃப்ரீக்கும் அனுப்பியிருக்கிறார். பழைய சிப்பில் இன்ட்டும் முகவரியும் ஒரே அளவு என்பதால் பிழைத்தது. புதிய போர்டில் முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. கம்பைலர் ஆரம்பத்திலிருந்தே வார்னிங் கொடுத்திருக்கிறது, யாரும் படிக்கவில்லை.

இந்தத் தவறைச் சுட்டிக்காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைக்கும் பதில், "ஸ்டாரை (*) இன்ட்டோடு ஒட்டித்தானே போட்டேன்?" ஒட்டினாலும் சரி, தள்ளி வைத்தாலும் சரி, இரு பக்கமும் இடம் விட்டாலும் சரி, கம்பைலருக்கு எல்லாம் ஒன்றுதான். ஸ்டார் தனக்கு அடுத்து வரும் பெயரைத்தான் சேரும். டென்னிஸ் ரிட்சி சி மொழியை அப்படித்தான் அமைத்தார்: ஒரு பெயரைப் பயன்படுத்தும் விதத்திலேயே அதை அறிவிக்க வேண்டும். *ஏ என்று எழுதினால் ஓர் இன்ட் கிடைக்கும், அந்த வரிக்கு அவ்வளவுதான் அர்த்தம். கமாவுக்குப் பின்னால் வரும் பெயருக்குத் தனியாக ஒரு ஸ்டார் வேண்டும். இன்ட்* என்பதற்கு, எழுத்தை அப்படியே மாற்றிப் போடும் #டெஃபைனில் ஒரு பெயர் வைத்தாலும் இதே குழிதான். டைப்புக்கே பெயர் வைக்கும் டைப்டெஃப் என்றால் இரண்டுமே பாயின்டர் ஆகும்.

ஸ்டாரை எந்தப் பக்கம் ஒட்டுவது? லினக்ஸ் கெர்னலில் பெயரோடு ஒட்டுவார்கள், சி-யில் எனக்கும் அதுதான் சரி. சி++ தந்த ஸ்ட்ரூஸ்ட்ரப் டைப்போடு ஒட்டுகிறார். ஆனால் ஒரு வரியில் ஒரு பெயர்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

டீமில் ஒரு பக்கத்தை முடிவுசெய்து, கோட் வடிவத்தைத் தானே சீராக்கும் கிளாங்-ஃபார்மட்டில் பூட்டிவிடுங்கள். அது ஸ்டாரை நகர்த்தும், ஆனால் பி-க்கு ஸ்டார் போட்டுத் தராது. ஒரு வரிக்கு ஒரு பாயின்டர் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். இன்ட்டையும் பாயின்டரையும் மாற்றிப் போட்டால் வரும் இன்ட்-கன்வர்ஷன் வார்னிங்கை எரராக்குங்கள். 2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் தானாகவே அப்படிச் செய்கிறது, பழைய டூல்செயினில் நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், பழைய ஃபைலில் ஸ்டாரை நகர்த்துவதென்றால் தயவுசெய்து தனி கமிட்டாக அனுப்புங்கள். பக் ஃபிக்ஸோடு கலந்து வந்தால், நூற்றுக்கணக்கான இடைவெளி மாற்றங்களுக்கு நடுவே அந்த ஒரு உண்மையான மாற்றம் ரிவியூவில் யார் கண்ணிலும் படாது.