43 ஃபைல்களில் ஓர் ஆண்டு

கடைக்குப் போனதும் உப்பு வாங்க வேண்டியது ஞாபகம் வந்துவிடுகிறது. அடுக்கிய சாமான்களே நினைவூட்டிவிடும். "ஏப்ரல் 5 அன்று கார் இன்சூரன்ஸ் வேலையைத் தொடங்கு" என்பதை நினைவூட்ட அப்படி எதுவும் இல்லை. தேதி கண்ணில் படுகிற பொருள் அல்ல. அதைப் பொருளாக்கும் பழைய அலுவலக ஏற்பாடுதான் 43 ஃபைல் முறை.

தேவை ஓர் அட்டைப்பெட்டி, 43 ஃபைல்கள். 31-இல் தேதி எண், 12-இல் மாதப் பெயர். வேலையைத் தாளில் எழுதி அந்த நாளின் ஃபைலில் போடுங்கள்; ஒரு மாதத்துக்கு மேல் தள்ளியிருந்தால் மாத ஃபைலில். இன்று மார்ச் 14 என்றால் முன்னால் 14 முதல் 31 வரை, அடுத்து 'ஏப்ரல்', அதன் பின்னால் 1 முதல் 13 வரை, பிறகு மே, ஜூன் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் மார்ச். காலையில் 14-ஐத் திறந்து உள்ளிருப்பதை மேஜையில் கொட்டுங்கள். காலி ஃபைல் 13-க்குப் பின்னால் போகும். இப்போது அது ஏப்ரல் 14. மார்ச் 31 அன்று 'ஏப்ரல்' ஃபைலில் உள்ள தாள்களைத் தேதிவாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டு, அதைப் பெட்டியின் கடைசிக்கு அனுப்புங்கள். ஏப்ரலில் 31 கிடையாது. அந்த ஃபைலை 'மே'க்குப் பின்னால் வைத்தால் போதும்.

பெரும்பாலோர் சறுக்குவது தேதியில். பாலிசி ஏப்ரல் 20-இல் முடிகிறது என்று தாளை 20-இல் போடுகிறார்கள். போட வேண்டியது முடியும் நாளில் அல்ல, வேலை தொடங்கும் நாளில். இங்கே 5-ஆம் தேதி சரி. இந்தியாவில் பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால், கிளெய்ம் கேட்காததற்குச் சேர்ந்த போனஸ் தள்ளுபடியும் போய்விடும்.

அடுத்தது, தாளில் எழுதும் வார்த்தை. "இன்சூரன்ஸ்" என்று மட்டும் எழுதினால் அன்று காலை மறுபடி யோசிக்க வேண்டும். யோசிக்கச் சோம்பி நாளைய ஃபைலுக்குத் தள்ளுவோம். "10 மணிக்கு ஏஜென்டுக்கு போன், பிரீமியம் எவ்வளவு என்று கேள், பாலிசி நகல் இத்துடன்" என்று எழுதுங்கள். இது வெறும் ஒழுங்குப் பழக்கம் இல்லை. முடிக்காத வேலை, வேறொன்றைப் படிக்கும்போது இடையில் புகுந்து கவனத்தைக் கலைக்கும். எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் திட்டமிட்டவர்களுக்கு, வேலை முடியாமலேயே அந்தத் தொல்லை குறைந்ததை உளவியல் ஆய்வாளர்கள் மாசிகாம்போவும் ராய் பௌமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில் காட்டினார்கள். ஆனால் நாளை பெட்டியைத் திறப்போம் என்ற நம்பிக்கை மனதுக்கு இருக்க வேண்டும். இரண்டு நாள் திறக்காமல் விட்டால் மூன்றாம் நாள் பெட்டி வெறும் குப்பைக்கூடைதான். ஊருக்குப் போகும் முன் திரும்பும் நாள் வரையுள்ள ஃபைல்களைப் புரட்டிவிடுவது நல்லது.

பாஸ்போர்ட் புதுப்பிப்பு போன்ற நெடுநாள் வேலைகளுக்குத் தாளின் தலையில் ஆண்டைப் பெரிதாக எழுதி மாத ஃபைலில் போடுங்கள். பல நாடுகள் குறைந்தது 6 மாதச் செல்லுபடி கேட்பதால், காலாவதிக்கு 9 மாதம் முந்தைய மாதம் பொருத்தம். அந்த மாதம் வரும்போது ஆண்டு வேறாக இருந்தால், தாளை அதே ஃபைலில் திரும்ப வைத்துவிடலாம்.