லீவுக்கு மறுநாள் வரும் நெஞ்சுப் பிடிப்பு

திங்கட்கிழமை சாயங்காலம் மில் சங்கு ஊதி அரைமணி நேரத்தில் பெரியப்பா வீடு வந்து சேர்வார். மற்ற நாளில் சைக்கிளைச் சுவரில் சாத்தியதும் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போகிற மனுசன், அன்றைக்கு மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்குவார். புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். "நெஞ்சுல கயிறு போட்டு இறுக்குனாப்ல இருக்குது புள்ள" என்பார். "நேத்துக் கறியத் தின்னுபோட்டு மோட்டார் தண்ணியில போய் விழுந்தீங்கல்ல, அதுதானுங்க" என்பார் பெரியம்மா. புதன், வியாழனில் எல்லாம் சரியாகிவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே திண்ணை, அதே கயிறு.

கறி மேலும் குற்றமில்லை, குளியல் மேலும் குற்றமில்லை. பெரியப்பா வேலை பார்த்தது சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில், பஞ்சைச் சீவுகிற கார்டிங்கில். அவருக்கு வந்தது பஞ்சுத் தூசியால் வரும் மூச்சு நோய், பெயர் பிசினோசிஸ். மென்மையான நார்த்துணியைக் குறிக்கும் 'பிசோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். சணலும் ஆளிநாரும் சிக்கெடுப்பவர்களின் இருமலை 1700-லேயே இத்தாலிய மருத்துவர் ரமாஸினி எழுதி வைத்திருக்கிறார். பெயர் வந்தது 1877-ல், அட்ரியன் புருஸ்த் என்ற பிரெஞ்சு மருத்துவரால்.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறோம். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் காளான் மாதிரி முளைத்தன. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் கொடுத்தது. மான்செஸ்டரிலிருந்து மெஷினையும் பட்டப்பெயரையும் வாங்கிக்கொண்டோம். அங்கே கார்டிங் தொழிலாளர்களைப் பற்றி மருத்துவர்கள் கற்றுக்கொண்ட பாடம் மட்டும் இங்கே ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங். 1950-களில் மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் மில்களில் ஆய்வு செய்தவர். இருமல், சளி, மூச்சிரைப்பு என்று வந்த ஆட்களை அதுவரை மருத்துவர்கள் சாதாரண மார்ச்சளி என்றே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு இறுக்கம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் எந்த நாளில் என்றும் கேட்க வைத்தார் ஷில்லிங். எப்போதாவது ஒரு திங்கட்கிழமை இறுக்கினால் அரை நிலை. எல்லாத் திங்கட்கிழமையும் இறுக்கினால் முதல் நிலை. செவ்வாய், புதனுக்கும் நீண்டால் இரண்டாம் நிலை. அதற்குப் பிறகு லீவு எடுத்தாலும் தீராத நிரந்தர மூச்சுத்திணறல். காலண்டரை வைத்தே நோயை அளக்கிற முறை இது.

ஏன் திங்கட்கிழமை? இந்த நோயின் மர்மம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதலில், கண்ணுக்குத் தெரிகிற பஞ்சு குற்றவாளி அல்ல. பெரியப்பாவின் புருவத்தில் ஒட்டிய பஞ்சு மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் மாட்டிக்கொள்ளும், உள்ளே போகாது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், நுரையீரலின் ஆழம் வரை போகிற துகள் ஐந்து மைக்ரானுக்கும் குறைவு. காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது மினுங்குவதைத் தவிர வேறெப்போதும் கண்ணில் படாத தூசி அது.

பருத்திக் காயின் அடியைக் கவ்விக்கொண்டு இலை போன்ற செதில்கள் இருக்கும். பஞ்சு பறிக்கும்போது அவை காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு வந்துவிடும். ஜின்னிங்கில் விதையைப் பிரித்தாலும் இந்தத் தூள் போவதில்லை. பேலாகக் கட்டி வந்த பஞ்சை புளோ ரூமில் உதறி, கார்டிங்கில் ஊசிக் கம்பிகளால் சீவும்போதுதான் அது மொத்தமாக வெளியே கிளம்புகிறது. அந்தச் செதில் வயலில் இருந்தபோதே அதில் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. பாக்டீரியா செத்தாலும் அதன் மேலுறையின் ஒரு பகுதி சாவதில்லை. அதற்குப் பெயர் எண்டோடாக்சின், கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த ஒரு மூலக்கூறு.

நம் நுரையீரலின் காற்றுப் பைகளில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், தோட்டத்தில் ராக்காவல் போகிறவர் மாதிரி. எண்டோடாக்சினைக் கண்டதும் அவற்றின்மேல் இருக்கும் டி.எல்.ஆர்-4 என்ற உணர்வான் விழித்துக்கொள்ளும். இதை அடையாளம் காட்டிய அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் பாய்ட்லருக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காவல் செல்லுக்கு வந்திருப்பது செத்த பாக்டீரியாவின் தோல்தான் என்று தெரியாது. திருடன் வந்துவிட்டான் என்று ஊரையே எழுப்பிவிடும். அழற்சியைத் தூண்டும் வேதிச் செய்திகள் பாயும், வெள்ளணுக்கள் ஓடி வரும், மூச்சுக்குழல் சுவர் வீங்கும், அதைச் சுற்றிய தசை இறுகும். இதற்கெல்லாம் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் காலையில் மெஷின் முன்னால் நிற்கும்போது ஒன்றும் தெரியாமல், சாயங்காலம் திண்ணையில் கயிறு இறுகுகிறது.

செவ்வாய், புதனில் காவல் செல்கள் கத்திக் கத்தி ஓய்ந்துவிடும். தொடர்ந்து எண்டோடாக்சின் பட்டுக்கொண்டே இருந்தால் அவற்றின் எதிர்வினை மங்குகிறது என்பது ஆய்வகத்திலும் பார்த்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஓய்வு கிடைத்தால் பழையபடி உஷாராகிவிடும். திங்கட்கிழமை மறுபடியும் முழுக் கூச்சல். ஒருநாள் லீவுதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. லீவு எடுத்ததால்தான் வந்தது என்று பெரியம்மா முடிவு கட்டியதில் பாதி உண்மை இருந்திருக்கிறது, காரணம்தான் வேறு. புதன்கிழமை கயிறு தளர்ந்தாலும் உள்ளே அழற்சி நடந்துகொண்டுதான் இருக்கும். பத்து, பதினைந்து வருடம் கழித்து மூச்சுக்குழல் நிரந்தரமாகக் குறுகும்போதுதான் அது தெரியவரும்.

எண்டோடாக்சின்தான் முக்கியக் குற்றவாளி என்று எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் ஒரு மாதிரி கார்டிங் அறையையே கட்டினார்கள். பஞ்சுத் தூசிக்கு மூச்சு குறைகிறவர்கள் என்று முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்த, மற்றபடி ஆரோக்கியமான 61 பேரை, வெவ்வேறு பஞ்சு ஓடும்போது உள்ளே உட்கார வைத்து மூச்சை அளந்தார்கள். 1987-ல் முடிவு வெளிவந்தது. மூச்சுக் குறைவு தூசியின் எடையோடு ஒத்துப்போகவில்லை, அதிலிருந்த எண்டோடாக்சின் அளவோடு ஒத்துப்போனது. ஒரு கன மீட்டர் காற்றில் 9 நானோகிராம் அளவுக்கு இறங்கினால் மூச்சில் மாற்றமே இருக்காது என்று கணக்கிட்டார்கள். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு நானோகிராம்!

ஷாங்காயில் 1981-ல் தொடங்கிய ஆய்வு இன்னும் பொறுமையானது. டேவிட் கிறிஸ்டியானி குழுவினர் 447 பருத்தி மில் தொழிலாளர்களையும், ஒப்பிட்டுப் பார்க்க 472 பட்டு மில் தொழிலாளர்களையும் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். பட்டாலையிலும் தூசி உண்டு, ஷிப்ட் உண்டு. எண்டோடாக்சின் மட்டும் அங்கே இல்லாத அளவுக்குக் குறைவு. மூச்சுத் திறன் வேகமாகக் குறைந்தது பருத்திக்காரர்களுக்குத்தான். வேலையை விட்டு நின்ற பிறகு கொஞ்சம் தேறியதையும் பார்த்தார்கள். ஷாங்காய்ப் பெண் தொழிலாளர்களிடம் நடந்த வேறொரு ஆய்வில், எண்டோடாக்சின் அதிகம் பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. இதை வைத்துப் பஞ்சுத் தூசி நல்லது என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. ஒரு வாசலை அடைத்துவிட்டு இன்னொரு வாசலை உடைக்கிற கதை அது.

இனி மில்காரர்களின் கைவைத்தியமான வெல்லத்துக்கு வருவோம். ஷிப்ட் முடிந்து ஒரு துண்டு வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசியெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று மில்லில் நம்பாதவர் கிடையாது. சித்தோட்டு வெல்லத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் வெல்லம் போவது உணவுக்குழாயில், தூசி போனது மூச்சுக்குழாயில். தொண்டையில் ஒட்டியதைக் கழுவலாம், அதற்குமேல் அதற்கு வழி தெரியாது. மூக்கில் கட்டிய துண்டும் அப்படித்தான். பறக்கிற பஞ்சைத் தடுக்கும், ஐந்து மைக்ரான் துகளுக்குத் துண்டின் நெசவு என்பது திறந்த வாசல்.

தடுக்க வேண்டிய இடம் மூக்கு அல்ல, மெஷின். கார்டிங் மெஷினை மூடி, தூசி கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்புவதுதான் முதல் வேலை. புது மெஷின்கள் அப்படித்தான் வருகின்றன. கெடுப்பது அதற்குப் பிறகு. ஷிப்ட் முடிவில் ஒருவர் ஏர் கன்னை எடுத்து மெஷினெல்லாம் "ஏர் அடிப்பார்". அரைமணி நேரம் உறிஞ்சிச் சேர்த்ததை அரை நிமிடத்தில் அறை முழுக்கத் திருப்பிக் கொடுக்கிற வேலை அது. அதே இடத்தில் உறிஞ்சும் குழாயை வைத்தால் போதும். மில்லுக்குள் ஈரப்பதம் கொடுக்கிற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் தண்ணீர் மாற்றாமல் பாசி பிடித்தால் அந்தத் தொட்டியே எண்டோடாக்சின் பண்ணையாகிவிடும். பஞ்சை வெந்நீரில் அலசினால் நஞ்சு பெருமளவு போய்விடும் என்றும் கண்டார்கள். ஆனால் இழையின் இயற்கை மெழுகும் கூடவே போய்விடுவதால் நூற்கக் கஷ்டம்.

பல்லடம், மங்கலம் பக்கம் கழிவுப் பஞ்சில் நூல் எடுக்கிற ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் ஏராளம். எல்லாக் கழிவும் ஒன்றல்ல. சாயமும் பிளீச்சும் கண்ட பனியன் கட்டிங் வேஸ்ட்டில் பொடித்தூசி அதிகம், எண்டோடாக்சின் குறைவு. கார்டிங்குக்கு அடியில் விழுகிற குப்பை அதற்கு நேர் எதிர், இலைத்தூள் அத்தனையும் அங்கேதான் சேர்கிறது. எடை ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் ஒரே தூசி என்று எழுதி வைத்தால் நுரையீரல் ஏமாறாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பிசினோசிஸ் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது, இ.எஸ்.ஐ. தொழில்நோய்ப் பட்டியலிலும் உண்டு. கச்சாப் பருத்தித் தூசிக்கு ஒரு கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பும் போட்டார்கள். அமெரிக்கா 1978-ல் நூற்பாலைகளுக்கு வகுத்த வரம்பும் இதே எண்தான். அங்கே கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தொழிலாளியின் மூச்சை அளப்பதற்கு முன் 35 மணி நேரம் அவர் பஞ்சுத் தூசி பக்கமே போயிருக்கக் கூடாது. வாரத்தின் முதல் வேலைநாளில் ஷிப்டுக்கு முன்னால் ஒருமுறை, தொடங்கி 4 முதல் 10 மணி நேரத்துக்குள் இன்னொருமுறை அளக்க வேண்டும். முதல் நொடியில் வெளிவரும் காற்று 5 சதவீதமோ 200 மில்லிலிட்டரோ குறைந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பார்க்க வேண்டும். ஷில்லிங்கின் கேள்வி சட்டமாகிவிட்டது!

நம் ஊர் ஹெல்த் செக்கப் முகாமோ எந்த நாள் டாக்டருக்குத் தோதுப்படுகிறதோ அந்த நாளில் நடக்கிறது. புதன்கிழமை வந்து ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒன்றும் கேட்காது. எக்ஸ்ரே எடுத்தாலும் கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் மாதிரி இதற்கென்று நிழல் விழாது. பீடிச் சளி, ஆஸ்துமா, இல்லையென்றால் காசநோய் சந்தேகம் என்று எழுதிப் போய்விடுவார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூச்சு முட்டியவர் வேலையை விட்டு ஆடு மேய்க்கப் போய்விடுகிறார். மில்லுக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணி இங்கே நோய் குறைவு என்பது, கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் நின்றுகொண்டு ஈரோட்டில் நொண்டி மாடே கிடையாது என்று சொல்வதைப் போல. நொண்டி மாட்டை யார் சந்தைக்கு ஓட்டி வருவார்? இப்போது மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் மூன்று வருடத்தில் ஊர் திரும்புகிறார்கள், ஒடிசா, பீகார் பையன்கள் அதற்கும் முன்னால். நோய் முற்றுகிறபோது அவர்கள் வேறெங்கோ இருப்பார்கள், அங்கிருக்கும் டாக்டருக்குப் பஞ்சு என்ற எண்ணமே வராது.

மில்கள் இப்போது ஏழு நாளும் ஓடுவதால் ஆளுக்கொரு நாள் லீவு. ஆகவே இப்போது கேட்க வேண்டியது திங்கட்கிழமை எப்படி என்று அல்ல, உனக்கு என்றைக்கு லீவு, மறுநாள் எப்படி இருந்தது என்று.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் ஓ.இ. மில்லில் பஞ்சு கலக்குகிற மிக்ஸிங் வேலை பார்க்கிறான். வியாழக்கிழமை அவனுக்கு லீவு. போன மாதம் அவனிடம் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு முழம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய், பக்கவாட்டில் முள். மூச்சை முட்ட இழுத்து வேகமாக ஊதினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும். மூன்று தடவை ஊதி, அதிகம் வந்ததைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். சாதாரணமாக மத்தியானத்துக்கு மேல் காலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை காலை அவன் நோட்டில் 460. சாயங்காலம் வந்து குழாயை என்னிடமே நீட்டினான். "ஏனுங்ணா, ஒரே நாள்ல கெட்டுப்போச்சுங்களாட்ட இருக்குது. எத்தனை தடவ ஊதுனாலும் நானூத்திப் பத்துக்கு மேல முள்ளு ஏற மாட்டீங்குதுங்."

வாயில் வைக்கும் பகுதியைக் கழுவித் துடைத்துவிட்டு நானும் ஊதிப் பார்த்தேன். 510. காலையில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஊதியபோதும் எனக்கு அதே 510-தான் வந்திருந்தது.