விரல் சொல்வது பழைய செய்தி

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று என்று சிங்கப்பூர் முழுக்க ஆக்சிமீட்டர் கொடுத்தது; இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கிளிப் அது. எங்களுக்குக் கிடைத்தது பழைய ஈஸிலிங்க் பயண அட்டைகளோடு இழுப்பறையில் கிடந்தது. போன வாரம் புது பேட்டரி போட்டு விரலில் மாட்டினேன். 98. மூச்சை வெளியே விட்டு அப்படியே அடக்கினேன். அரை நிமிடம் ஆகியும் 98. முடியாமல் மூச்சை இழுத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் வேடிக்கை: நான் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, எண் 97, 95, 94 என்று இறங்கியது. (இதய, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் இந்த விளையாட்டுக்கு வர வேண்டாம்.)

கருவி பொய் சொல்லவில்லை. சற்று முன் நடந்ததைச் சொல்கிறது.

கிளிப்புக்குள் சிவப்பு விளக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்று. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் சிவப்பு ஒளியை அவ்வளவாக விழுங்காது. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் நிறைய விழுங்கும். அகச்சிவப்பில் இது தலைகீழ். நாடி துடிக்கும்போது கூடிக்குறையும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, கருவி கணக்குப் போடுகிறது. அதுவும் கடைசிச் சில வினாடிகளின் சராசரிதான். தாமதத்தில் ஒரு பங்கு அங்கேயே வந்துவிடுகிறது.

மீதி, இரத்தம் வந்து சேரும் நேரம். நுரையீரலில் ஏற்படும் மாற்றம் காதில் சுமார் 10 வினாடியில் தெரிந்தால், விரலில் தெரிய 20, 30 வினாடிகூட ஆகலாம். கால் விரலில் இன்னும் தாமதம். ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி இது மாறும்.

தூரம் மட்டும் காரணமென்றால் கைக்கும் காதுக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. பெரிய தமனிகளில் இரத்தம் வேகமாகவே ஓடுகிறது. இழுத்தடிப்பது விரல் நுனியின் சிறு குழாய்கள். குளிர் பட்டால் உடல் சூட்டைக் காப்பாற்ற அவை சுருங்கிக்கொள்ளும். வெளியே வெயில் கொளுத்த, அலுவலகத்தில் ஸ்வெட்டர் போட்டு உட்காரும் ஊர் இது; சில்லிட்ட விரல் நமக்குப் புதிதல்ல. அந்த விரலில் செய்தி இன்னும் தாமதமாகும், துடிப்பே சிக்காமலும் போகலாம்.

நெற்றி விஷயம் வேறு. புருவத்துக்கு மேலே வரும் தமனி, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியிலிருந்து கிளைத்து வருவது. குளிருக்கு அவ்வளவு எளிதில் சுருங்காது. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் சிலருக்கு நெற்றியில் சென்சார் ஒட்டுகிறார்கள். விரலில் போல ஒளி ஊடுருவி மறுபக்கம் வர இங்கே வழியில்லை. திரும்பி வரும் ஒளியைத்தான் அது படிக்கிறது. அதிலும் ஒரு சிக்கல்: தலை தாழ்ந்து படுத்தால் சிரை இரத்தம் தேங்கித் துடித்து, அளவைக் குறைத்துக் காட்டும். அதைத் தடுக்கத்தான் மேலே ஒரு பட்டை கட்டுவது.

உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களைச் சோதிக்கும்போது இந்தத் தாமதம் அப்பட்டமாகத் தெரியும். வரைபடத்தில் மூச்சு திரும்பிய பிறகே ஆக்சிஜன் பள்ளம் வருகிறது. கணிப்பவர் அந்தப் பள்ளத்தை முந்தைய மூச்சுத் தடையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தக் கருவிக்கான யோசனை பிறந்ததே காதில்தான். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில், இதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்று காதில் ஒளி பாய்ச்சி அளந்துகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையே ஆக்சிஜனைக் காட்டிக்கொடுக்கும் என்று கண்டுபிடித்து 1974இல் அறிவித்தார்.

சரி, என் விரலுக்கு வருவோம். சூடான கோப்பிக் குவளையை ஐந்து நிமிடம் இரண்டு கையாலும் பிடித்திருந்துவிட்டு மறுபடி மூச்சை அடக்கினேன். இந்த முறை எண் சீக்கிரமே இறங்கத் தொடங்கியது. “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றார் அம்மா.